வீட்டுக்காரரின் உருமியை வெட்டி ஒட்டியது

கூடையை இறக்கி வைத்த பிறகும் முதுகில் கூடை இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு வெந்நீர் ஊற்றி முடிக்கும்போது யாராவது பேசினால்கூட எரிச்சலாக வரும். மலேசியாவின் கேமரன் மலையில், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த முதுகை வைத்துக்கொண்டுதான் நான் சாயங்கால வேளைகளில் மேசைமுன் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் வாசித்த உருமியைச் சவரப் பிளேடால் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

உருமியை என்றால் வாத்தியத்தையல்ல. அது பதிவாகியிருந்த ஒலிநாடாவை. இதைச் சொன்னால் இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் ஆகிற வேலைக்கு ஆத்தா மூன்று மாதம் பிளேடு பிடித்தாளா என்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு முதுகு வலி தெரியாது.

எல்லாம் எங்கள் தோட்டத்துக் கிராணியால் வந்தது. ஆபீஸில் கணக்கெழுதுகிற வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்குப் பாட்டுத்தான். கோயில் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன்னுடைய பெரிய டேப் ரெக்கார்டரை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். சோற்றுத் தட்டு அளவுக்கு இரண்டு சக்கரம் வைத்தது. அது கைக்கு வந்த நாளிலிருந்து மனிதருக்கு ஒரே ஆசை. யார் யாரோ எங்கெங்கோ பாடிய அம்மன் பாட்டு கேசட்டைத்தான் நாம் வாங்கிப் போடுகிறோம், நம் தோட்டத்து மாரியம்மனுக்கு நாமே பாடி ஒரு கேசட் வெளியிட வேண்டும். கேமரன் மலையில் யாரும் அதுவரை செய்யாதது என்று எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருந்தார். ஈப்போவில் கேசட் பிரதி எடுத்துத் தரும் கடையோடு பேசியும் வைத்துவிட்டார்.

மைக் ஒன்றுதான் இருந்தது. பாடுகிறவர்கள் பக்கத்தில் உருமி அடித்தால் பாட்டுக் கேட்காது, உருமியைத் தள்ளி உட்கார வைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். அதனால் முதலில் உருமியை மட்டும் தனியாகப் பதிவு செய்வது, பிறகு அதை ஸ்பீக்கரில் மெல்ல ஒலிக்கவிட்டு அதற்கேற்பப் பாடி, இரண்டையும் சேர்த்து இன்னொரு மெஷினில் பிடித்துக்கொள்வது என்று கிராணி ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல வழிதான். நான் குறை சொல்லமாட்டேன்.

தோட்டத்தில் உருமி என்றால் என் வீட்டுக்காரர்தான். பகலில் கவாத்து வெட்டுகிற ஆள். செடிகளை இடுப்புக்குக் கீழே வெட்டிச் சமப்படுத்துகிற அந்த வேலைக்கு அவரைப்போல எத்தனையோ பேர் உண்டு. திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் உருமியை மாட்டிக்கொண்டு நிற்பதற்கு அவர் ஒருவர்தான். அன்றைக்கு ஒரு நாள் அவருடைய நெஞ்சு நிமிர்ந்திருக்கும். மற்ற நாளெல்லாம் குனிந்தே இருக்கிற மனிதர் என்பதால் எனக்கு அந்த ஒரு நாள் முக்கியம்.

பதிவுக்கு முந்தின வருஷம் கவாத்துக் கத்தி அவருடைய இடது கை விரல் இரண்டில் இறங்கிவிட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் தைத்து அனுப்பினார்கள். காயம் ஆறியது, விரல் மட்டும் முன்புபோல மடங்கவில்லை. அதிலும் குளிரில் மரக்குச்சியாக நிற்கும். எங்கள் மலையில் குளிர் இல்லாத நாள் எது?

உருமி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு இரண்டு முகம். வலது முகத்தில் நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். இடது முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்து இழுக்க வேண்டும். அப்போது மாடு அடிவயிற்றிலிருந்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அதை நாங்கள் இழுப்பு என்போம். இழுப்பு ஏறி, ஏறி முடிகிற இடத்தில் வலது கை அடி விழ வேண்டும். இழுக்கிற கைதான் அவருக்கு அடிபட்ட கை.

தேயிலை கட்டும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் நாலு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்தார்கள். மூடுபனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் ஒரு தகரத்தில் கரி நெருப்பு. நான் வாசலில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். விழாவில் கரகம் கீழே ஓடையில் புறப்பட்டுக் கோயிலில் வந்து இறங்கும்வரைக்கும் என்னென்ன அடி உண்டோ அத்தனையும் வரிசையாக வாசித்தார். முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அது நன்றாக இருப்பதாகத்தான் பட்டது.

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நேரில் கேட்கும்போது ஆளையும் பார்க்கிறோம், கையையும் பார்க்கிறோம், காது கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடுகிறது. நாடாவில் ஆள் இல்லை. சில இடத்தில் அடி பிந்தி விழுந்தது. சில இடத்தில் முந்தி ஓடியது. பாட்டுக் குழு அதற்குப் பாடிப் பார்த்தது. பாதி வரியில் அவர்கள் ஒரு பக்கம், உருமி ஒரு பக்கம். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கிராணி நல்ல மனிதர். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டார். மறுநாள் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: “நாடாவ வெட்டிச் சரி பண்ணிப் பாப்போம். வரலன்னா ஈப்போவுல ஒரு உருமிக்காரரு இருக்காரு, அவர வரச் சொல்ல வேண்டியதுதான். தப்பா எடுத்துக்காதீங்கலா.”

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நான்தான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஈப்போக்காரர் கேசட்டில் வாசித்தால் அதோடு போய்விடுமா? அடுத்த விழாவுக்கும் கேசட்டில் கேட்ட அதே உருமிதான் வேண்டும் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு வருஷத்தில் மிச்சமிருந்த அந்த ஒரு நாளும் போய்விடும்.

வெட்டி ஒட்டும் வித்தையைக் கிராணி ரெக்கார்டரோடு வந்த புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். முதலில் அவரே வெட்டிப் பார்த்தார். நாடா மேசையெல்லாம் மீ நூடுல்ஸ் மாதிரி சரிந்து கிடந்ததுதான் மிச்சம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள் நான். துணி வெட்டுகிற கைதானே, இதையும் வெட்டு என்று அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கி வந்து என் தையல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். முடியாது என்றுதான் வாய்வரை வந்தது. பகலெல்லாம் மலை, சாயங்காலம் அடுப்பு, அதற்கு மேல் இதுவா? ஆனால் என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலை இப்படி. சக்கரத்தை ஓடவிடாமல் இரண்டு கையாலும் நாடாவை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்த வேண்டும். அப்போது உருமி குறட்டை விடுவதுபோலக் கேட்கும். அடி விழுகிற இடத்தில் அந்தக் குறட்டை சட்டென்று தடிக்கும். அங்கே நாடாவின் முதுகில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. முந்தின அடியிலிருந்து இந்த அடிவரைக்கும் நாடா எவ்வளவு நீளம் என்று பார்த்தால், பிந்தியதா முந்தியதா என்று கண்ணுக்கே தெரியும். நல்ல அடிகளுக்கு நடுவே உள்ள நீளத்தை ஒரு நூலில் அளந்து வைத்துக்கொண்டேன், ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோலத்தான். பிந்தியிருந்தால் மிச்சத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்ட வேண்டும். முந்தியிருந்தால், யாரும் வாசிக்காத வெறும் அறையின் சத்தம் பதிந்த நாடாவில் ஒரு துண்டு வெட்டி நடுவில் சேர்க்க வேண்டும். ஒரு நக அகலம் பிசகினால் போதும், கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

சொல்வது சுலபம். எங்கள் மலைக் காற்றில் ஒட்டு நிற்காது. ஈரம் ஏறி, ஒட்டிய இடம் சக்கரத்தில் சுற்றும்போது வாயைப் பிளக்கும். மேசையை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வரிசை மாறாமல் கொடியில் துணி மாட்டுகிற கிளிப்பில் தொங்கவிட்டேன். பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் கத்தினேன். பிள்ளைகளைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். களைத்த பெண்ணுக்கு வாய்தான் முதலில் நீளும்.

ஒரு மாதம் ஓடியது. எல்லா அடியும் நூல் அளவுக்கு வந்தது. கிராணி கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார். குழுவைக் கூப்பிட்டுப் பாட வைத்தார். ஒருவரும் எங்கேயும் தடுமாறவில்லை. எனக்கு மகாராணிபோல இருந்தது.

என் வீட்டுக்காரர் கடைசிவரை நின்று கேட்டார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். வெளியே போய் விறகு பிளக்கத் தொடங்கினார். விறகு ஏற்கனவே பிளந்து அடுக்கியிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யாருக்காக நான் இந்தப் பாடு படுகிறேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டேன். அவர் கோடரியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“இழுப்பு எங்க புள்ள போச்சு?”

உள்ளே போய் நாடாவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு இடத்திலும் நான் அடிக்குச் சற்று முன்னால் வெட்டியிருந்தேன். அப்படி வெட்டினால் ஒட்டின சத்தத்தை அடி மறைத்துவிடும் என்று புத்தகத்தில் இருப்பதாகக் கிராணி சொல்லியிருந்தார். அது வேறு மேளத்துக்குச் சரியாக இருக்கலாம். உருமியில் அடிக்கு முன்னால்தான் இழுப்பு ஏறி உச்சிக்கு வருகிறது. அந்த உச்சியை எல்லாம் நறுக்கிக் கொடியில் தொங்கவிட்டிருந்தேன். மிச்சம் இருந்தது டும் டும் என்று தகரத்தில் தட்டுகிற சத்தம்தான். பாடுவதற்குச் சௌகரியமாக இருந்தது. அதில் அவர் இல்லை.

அன்றைக்குக் கட்டிலில் விழுந்து படுத்துக்கொண்டேன். இன்னொரு மாதம் பிளேடு பிடிக்க வேண்டும் என்று நினைத்தாலே கழுத்து நொந்தது. இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன? கேசட்டில் அவர் பேர் சொல்லிவிடுவார்கள், ஈப்போக்காரர் வரமாட்டார். யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு நாள் இப்படியே எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து விரலை நீவிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்க, அது சரியாக வரவில்லை.

வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினால் பழைய குருடி கதவைத் திறடி கதையாகிவிடும். எந்தப் பிந்தல் அவர் வேண்டும் என்று வைத்தது, எந்தப் பிந்தல் விரல் மடங்காததால் வந்தது என்று தெரிந்தாக வேண்டும். நாடாவில் கை வைக்கும் முன்பு கிராணி அதை ஒரு கேசட்டில் பிரதி எடுத்து வைத்திருந்தார். அதைப் போட்டு ஒவ்வொரு இடமாக நிறுத்தி என் வீட்டுக்காரரிடமே கேட்டேன். முதல் சில இடங்களுக்குப் பதில் சொன்னார். பிறகு முகம் சுண்டிப் போனது. தெரியவில்லை என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. நான் எந்தச் செடியில் எந்தக் கொழுந்தைக் கிள்ளினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியுமா?

அப்போதுதான் நாத்தனார் நினைவு வந்தது. அவருடைய தங்கை. விழாவில் வருஷா வருஷம் கரகம் தூக்குகிறவள். உருமிக்காரர் கரகம் தூக்குகிறவளின் காலைப் பார்த்துத்தான் அடிப்பார். அவள் ஏறினால் அடி ஏறும், அவள் நின்றால் அடி நிற்கும். அந்த அறையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தபோது அவருக்குள்ளே அந்தக் கால்கள்தான் நடந்திருக்க வேண்டும். அப்படியானால் கேட்க வேண்டிய இடம் அந்தக் கால்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனேன். கிராணியின் கேசட் ரேடியோவை நான் பிடித்துக்கொண்டேன். அவள் தலையில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டாள். வெட்டாத பழைய பதிவைப் போட்டுவிட்டு, கரகம் வருகிற வழியிலேயே நடந்தோம். ஓடையிலிருந்து தேயிலை அரைக்கிற ஸ்டோர் பின்பக்கம், அங்கிருந்து லயத்துக்கு நடுவே, பிறகு தேயிலைச் சரிவில் வளைந்து வளைந்து கோயிலுக்கு. எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ரெண்டுக்கும் பைத்தியமா என்று ஒரு கிழவர் கேட்டார். எனக்கு ரேடியோவே ஒரு மூட்டை கனம் கனத்தது.

ஸ்டோர் வளைவில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் உருமி இழுத்து நின்றது. நான் பிந்தல் என்று வெட்டிய இடங்களில் முதலாவது அதுதான். நாத்தனார் குடத்தோடு அங்கேயே ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். அடி விழுந்ததும் சரியாகக் காலை எடுத்து வைத்தாள்.

“இங்க அண்ணன் எனக்கு மூச்சு குடுக்கும்லா அண்ணி” என்றாள். “இது இல்லாட்டி மேல ஏறவே முடியாது.”

கொஞ்ச தூரம் போனதும் சமதரையில் ஒரு அடி பிந்தியது. அவள் கால் தடுமாறிக் குடத்துத் தண்ணீர் தோளில் கொட்டியது. அது விரல். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இப்படியே கோயில்வரைக்கும் போனோம். கால் தானாக நிற்கிற இடமெல்லாம் வழி. கால் இடறுகிற இடமெல்லாம் விரல். பாதி தூரம் போவதற்குள் எனக்கே காதில் பிடிபட்டுவிட்டது. வழிக்காகப் பிந்திய அடிக்குப் பிறகு அவர் அவசரப்படவில்லை, ஆற அமர அடுத்ததற்குப் போனார். விரலால் பிந்திய இடத்தில் பதறிப்போய், ஈடுகட்டுவதற்காக அடுத்த அடியை முந்தி அடித்திருந்தார். அந்தப் பதற்றம் கேட்டபோது எனக்கு நடுவழியில் கண் கலங்கிவிட்டது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் அதில் அவ்வளவு பயந்திருந்தார்.

அதன் பிறகு வேலை நீண்டது, ஆனால் குருட்டாம்போக்கில் செய்யவில்லை. வழிக்காக வைத்த பிந்தலையெல்லாம் கொடியிலிருந்து எடுத்து இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டினேன். விரல் பிந்திய இடங்களிலும் நறுக்கிய உச்சியை ஒட்டிவிட்டு, அங்கே மட்டும் மறுபடி கை வைத்தேன், அதுவும் அடிக்கு முன்னால் அல்ல. இழுப்பு கீழேயிருந்து ஏறும், நடுவில் கொஞ்ச நேரம் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி போகும், பிறகு உச்சிக்குப் போகும். அந்த நடுப்பகுதியில் ஒரு துண்டு எடுத்தால் காதுக்குத் தெரியாது. அப்படி எடுத்த துண்டைத் தூக்கிப் போடாமல், அவர் பதறி முந்திய அடுத்த இழுப்பின் நடுவில் சேர்த்துவிட்டேன். பக்கத்துப் பக்கத்து அடி என்பதால் தோலின் சூடு ஒன்று, சத்தமும் ஒன்று. தூரத்து இடத்திலிருந்து எடுத்துச் சேர்த்தால் ஒத்துக்கொள்ளாது. நெருப்பில் காட்டியவுடன் தோல் கணகண என்றிருக்கும், பத்து அடி போவதற்குள் பனி இறங்கித் தொண்டை கட்டிவிடும். ஒரு இடத்தில் இதைத் தெரியாமல் செய்து, வேறு யாரோ நடுவில் புகுந்து அடித்ததுபோல ஆகி, திரும்பப் பிரித்தேன்.

எல்லாவற்றையும் சரி செய்யவும் இல்லை. ஒரு சில இடத்தில் விரல்தான் என்று தெரிந்தும் விட்டுவைத்தேன். ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது. அங்கே கை வைத்தால் பக்கத்தில் இருப்பதும் செத்துப்போகும்போல இருந்தது.

மழை விட்டபோது நாடாவும் முடிந்தது. அவர் இந்த முறை விறகு பிளக்கப் போகவில்லை. கேட்டு முடிந்த பிறகும் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர் வளைவு வரும்போது அவருடைய கழுத்து தானாக ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதும். பாட்டுக் குழுவுக்குத்தான் அந்த நிற்கிற இடங்கள் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. கிராணி முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு கண்ணை மூடிக் கேட்டார், பிறகு தன் ஆட்களைத் திட்டி அதற்கேற்பப் பாட வைத்தார்.

கேசட் வந்தது. ஈப்போக்காரர் வரவில்லை. எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு அதுதான் ஓடியது. தானா ராத்தா பஸ் ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலும் போட்டார்கள். அரிசி வாங்கப் போன என் வீட்டுக்காரர் அந்தக் கடை வாசலில் ஒரு கேசட் பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, அரிசி வாங்காமல் வந்து நின்றார். அன்றைக்கு நான் திட்டவில்லை. நல்லபடியாகத் தூங்கினேன். பல மாதத்துக்குப் பிறகு என் கழுத்து தலையணையில் முழுதாகப் படுத்தது.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் கோயிலில் கூட்டம் போட்டார்கள். அவர் போகவில்லை, குளிரில் விரல் வீங்கியிருந்தது. மறுநாள் சாயங்காலம் கிராணி வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். முகமெல்லாம் சந்தோஷம். இந்த வருஷம் லோரியில் ஒலிபெருக்கி கட்டி, கரகத்துக்கு முன்னால் கேசட்டையே போட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டதாம். எல்லாருக்கும் அதுதான் பிடித்திருக்கிறதாம். கேசட்டுக்குக் கால் வருமா என்று என் நாத்தனாரிடமே கேட்டார்களாம், அச்சாகக் கால் வருகிறது என்று அவளும் சொன்னாளாம்.

“பனியில நின்னு கைய நோவடிச்சுக்க வேணாம் பாருங்க” என்று என் வீட்டுக்காரரின் முழங்காலைத் தட்டிச் சொன்னார் கிராணி. “கேசட்ல வாசிக்கிறது நீங்கதானே. உங்க உருமிதான் போகப் போகுது.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் திட்டக்கூட வழியில்லாமல் போனது. என் வீட்டுக்காரர் ஆமாம் என்றார். நல்லது என்றார். கிராணியை வாசல்வரைக்கும் போய் வழியனுப்பினார். நான் அடுப்படியில் நின்று நாத்தனாரை மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள்? கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள். அவள் கால் பார்த்துத்தானே நான் வெட்டினேன். வராமல் எப்படிப் போகும்?

விழா நன்றாக நடந்தது. லோரி முன்னால் போனது. ஸ்டோர் வளைவில் இழுப்பு நின்றது, நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டாள், அடி விழுந்தது, ஏறினாள். எங்கேயும் ஒரு பிசகு இல்லை. எங்கேயாவது பிசகாதா என்று நான்தான் வழியெல்லாம் காத்துக்கொண்டே நடந்தேன். அவர் ஆம்பிளைகள் கூட்டத்தில் எங்கேயோ பின்னால் வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போலச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நடந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கேசட்டைப் பாராட்டினார்கள். அவர் சிரித்தார்.

நான் செய்தது தவறு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். செய்யாவிட்டால் ஈப்போக்காரர் வந்திருப்பார். அரைகுறையாகச் செய்திருந்தால், அந்த டும் டும் நாடாவை அப்படியே விட்டிருந்தால், யார் காலும் அதற்கு வந்திருக்காது, உருமியோடு அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். இதை நினைத்து நினைத்து எனக்கு அலுத்துவிட்டது.

கோயிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாப்பிடுகிறீர்களா என்றேன். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றார். என் மேல் வருத்தமா என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. அவர் யோசித்தார். கோபமில்லாமல், எங்கேயோ கேட்ட நல்ல வாசிப்பைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்.

“இல்ல புள்ள. ஸ்டோர் வளைவுல பாத்தியா? என்னைய விட கேசட்ல இருக்கிறவன் நல்லாத்தான் அடிக்கிறான்.”